எட்டுப் புள்ளிகள்

பேச்சு வானொலியில் ஆளை மறைக்க முடியாது. லேசாகச் சளி பிடித்திருந்தால்கூட எதிர்முனையில் இருப்பவர் கண்டுபிடித்து வெந்நீர் குடிக்கச் சொல்வார். புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் மோர்ஸிலும் மறைக்க முடியாது. சாவியைத் தட்டும் கை ஒவ்வொருவருக்கும் ஒரு விதம். கப்பல்களோடு பேசும் கரை நிலையத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும், முதல் சில எழுத்துகள் வருவதற்குள் எதிரே உட்கார்ந்திருப்பது யார், அவர் சாப்பிட்டுவிட்டாரா, வீட்டில் சண்டையா என்பதுவரை சொல்லிவிடுவேன். கணினியை ரேடியோவோடு இணைத்து எழுத்தை அனுப்பும் பாக்கெட் ரேடியோவில்தான் இந்தத் தொல்லை இல்லை. நாம் தட்டுவதைக் கணினி துண்டு துண்டாக நறுக்கும், மோடம் அதைச் சத்தமாக்கும், ரேடியோ அனுப்பும். காதுக்கு அது காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கும். மறுமுனையில் திரையில் எழுத்தாக வரும். யார் தட்டினாலும் ஒரே எழுத்துதான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இத்தனை மாதம் எப்படி ஏமாந்தாய் என்று விசாரணையில் நீங்கள் என் மகளைக் கேட்டதாக அறிந்தேன். அந்தக் கேள்வி அவளுக்கு இழுக்கு. அவள் ஏமாறக்கூடியவள் அல்ல. அமைப்பு அப்படிப்பட்டது.

நேற்று நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் எழுதிக்கொண்டார். படித்துப் பார்த்தேன், வரிக்கு வரி அடித்தல். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று தாள் கேட்டு வாங்கினேன். ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மோர்ஸில் அனுப்பிய எழுத்தைத் திரும்ப எடுக்க முடியாது. பிழை வந்தால் எட்டுப் புள்ளிகள் தட்டி, கடைசியாகச் சரியாகப் போன சொல்லை மறுபடி அனுப்பி, அங்கிருந்து தொடர வேண்டும். அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை. பேனாவிலும் அப்படித்தான், கணினியிலும் அப்படித்தான். "அப்பா, அழிக்கறதுக்குன்னே ஒரு பட்டன் இருக்குப்பா, அதுக்கும் வேலை குடுங்க" என்று மகள் சிரிப்பாள். அனுப்பியதை அழிப்பவன் எதையும் அழிப்பான் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே இந்தத் தாள்களில் எட்டுப் புள்ளிகளைக் கண்டால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் வீட்டு வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. என் அழைப்புக்குறி மட்டும் பித்தளையில் இருக்கிறது. உரிமம் பெற்ற ஒவ்வொரு அமெச்சூர் ரேடியோ நிலையத்துக்கும் அரசு கொடுக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறி அது. உலகத்தில் அது வேறு யாருக்கும் இருக்காது. ஆட்டோக்காரர்களுக்கு அந்தப் பலகையைச் சொன்னால் போதும், வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். வெள்ளத்தில் பாலம் அறுந்து ஊரே ஊமையாகிக் கிடந்தபோது மருத்துவமனைக்கு ரத்தம் கேட்டு அனுப்பியது அந்தக் குறியில்தான். இன்றும் தெருவில் என்னைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. காப்பாற்ற வேண்டியது என்ன என்று உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கம் பாக்கெட் தொடர்பை அமைத்தது. கீழே எங்கள் ஊர், அந்தப் பக்கம் கடற்கரை ஊர், நடுவில் மலை. மலை உச்சியில் ஒரு கூடாரக் குடிசை ........ ஒரு கல் குடிசை, பக்கத்தில் கம்பம், கம்பத்தில் இரண்டு ஆன்டெனா, ஒன்று எங்களைப் பார்த்து, ஒன்று கடலைப் பார்த்து. கீழிருந்து போகும் செய்தியை மலை வாங்கி வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் தள்ளும். அங்கிருந்து வருவதை இங்கே தள்ளும். வந்த செய்திகள் தங்கும் அஞ்சல்பெட்டி என் அறைக் கணினியில் இருந்தது. எந்தச் செய்தி எந்த வழியாகப் போக வேண்டும் என்ற மென்பொருள் வேலை முழுவதும் என் மகளுடையது. பகலில் அவள் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிப்பவள். மாலையில் தன் அறையில் உட்கார்ந்து நம் தமிழ் எழுத்துகள் உடையாமல் போகும்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். என் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவே ஒரு சுவர், அந்தச் சுவரில் துளையிட்டு ஒரு கம்பி.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். சங்கத்தில் சேர்ந்தவர், உயரத்துக்குப் பயமில்லாதவர். கம்பம் நட்டது அவர். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது, கேட்டார்கள், கல்யாணம் செய்துவைத்தேன். எங்கள் வீட்டோடு வந்துவிட வேண்டும் என்றேன், வந்துவிட்டார். என் மனைவி அப்போதே இல்லை. அவர்களுக்குள் சண்டை கிடையாது. அதுதான் எனக்கு விளங்கவில்லை. சண்டை இருந்தால் நடுவில் உட்கார்ந்து தீர்த்துவைக்கலாம். இவர்கள் இருவரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பயணிகள் மாதிரி மரியாதையாக இருந்தார்கள்.

மழைக்காலத்தில் மலை நிலையத்தில் ஒருவர் தங்க வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது அவர்தான் முதலில் கை தூக்கினார். "புது மாப்பிள்ளை வீட்டை விட்டு ஓடறார்யா" என்று எங்கள் சங்கத்து எலெக்ட்ரீசியன் கிண்டல் செய்தான். ஒல்லியாக நெடுநெடு என்று இருப்பதால் அவனை ஏணி என்று கூப்பிடுவார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். என் மகளும் சிரித்தாள். அதை நான் கவனித்தேன்.

அஞ்சல்பெட்டியைப் பராமரிப்பவன் அதில் வரும் எல்லாவற்றையும் பார்க்கலாம். இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. அமெச்சூர் ரேடியோவில் ரகசிய மொழிக்கு அனுமதியே கிடையாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதுதான் விதி. நான் என் வீட்டில் உட்கார்ந்து என் மகள் எழுதியதைப் படித்தேன்.

மாப்பிள்ளை எழுதியிருந்தார்: "மழை விட்டதும் இறங்கி வரேன். வந்ததும் வக்கீலைப் பார்த்துடலாம். உன் அப்பாகிட்ட நானே பேசறேன், நீ கஷ்டப்படாதே."

அவள் எழுதியிருந்தாள்: "சரி. எனக்கும் மூச்சு விட்ட மாதிரி இருக்கு. வெளியூர் ஆஸ்பத்திரி வேலைக்கு உத்தரவு வந்துடுச்சு. நாம ரெண்டு பேரும் நல்ல மனுஷங்கதான். நல்ல ஜோடி இல்லை, அவ்வளவுதான்."

ஒரு பெண் இவ்வளவு இயல்பாக எழுதுகிறாள் என்றால் உள்ளே எவ்வளவு உடைந்திருப்பாள் என்று எனக்குப் புரிந்தது. தகப்பனுக்குப் புரியும்.

அந்த வாரம் என் தங்கை வந்திருந்தாள். அவள் வாய் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "என்ன அண்ணா, மாப்பிள்ளை மலை மேல குடித்தனம், பொண்ணு கீழ குடித்தனம். வாசல்ல பித்தளை நல்லா மின்னுது. உள்ளதான் ஒரே இருட்டு."  எங்கள் வம்சத்தில் கட்டிக்கொடுத்த பெண் யாரும் திரும்பி வந்து நின்றதில்லை. பெரியப்பா மகள் ஒருத்தி வந்தாள். அவள் பெயரை நாங்கள் சொல்வதில்லை.

நான் மலைக்குப் போனேன். மழை இடைவெளி விட்டிருந்தது. என் வயதில் அந்த ஏற்றம் ஏறுகிறவர் எங்கள் ஊரில் வேறு யாரும் இல்லை. மாப்பிள்ளை வழியிலேயே எதிர்கொண்டு என் தோள் பையை வாங்கிக்கொண்டார். டீ போட்டுக் கொடுத்தார். காற்றில் கடல் பக்கத்து ஆன்டெனா திரும்பிவிட்டது, இரண்டு நாளாக அந்தப் பக்கம் எதுவும் போகவில்லை, கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் காத்திருந்தேன், நல்ல வேளை நீங்கள் வந்தீர்கள் என்றார். குடிசைக்குப் பின்னால் எர்த் குழி ஒன்றும் தோண்டி வைத்திருந்தார். மின்னல் இறங்கினால் கம்பி வழியாக மண்ணுக்குள் போக வேண்டும். அதற்கு ஆழமாகக் குழி வெட்டி, செம்புத் தகடு புதைத்து, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூட வேண்டும். கரி மூட்டையும் உப்பு மூட்டையும் சுவரோரம் இருந்தன. குழி பார்க்கவே நன்றாக இருந்தது. ஓரங்கள் நேராக, ஆழம் அளவாக. எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்கிறவர்.

கம்பத்தில் பாதி உயரத்தில் தாங்குகம்பிகளைப் பிணைக்கும் பட்டை ஒன்று உண்டு. ஏறுகிறவர் அந்த இடத்தில் இடுப்புக் கொக்கியைக் கழற்றி, பட்டைக்கு மேலே மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கணத்துக்காகத்தான் கீழே ஒருவர் கயிறு பிடிப்பது.

"மாமா, கயிறு டைட்டா இருக்கா?" என்று அந்தப் பட்டைவரை ஏறி நின்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். பிறகு, "மாப்பிள்ளை, வக்கீல் பேச்செல்லாம் நான் இருக்கிறவரைக்கும் வேண்டாம். அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன்.

 மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. "படிச்சுட்டீங்களா? படிப்பீங்கன்னு அவ அப்பவே சொன்னா. மாமா, நாங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சு. உங்களுக்கு என்ன, மலையேறற ஆள், நூறு வருஷம் இருப்பீங்க. அதுவரைக்கும் நாங்க என்ன பண்றது?"

அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கடைசிவரை என்னிடம் ஒரு சொல் தவறிப் பேசியதில்லை. கொக்கியைக் கழற்றினார். நான் கயிற்றை விடவில்லை. பிடித்துக்கொண்டிருப்பதை நிறுத்தினேன்.

விழுந்தவர் நினைவோடுதான் இருந்தார். "கொக்கி வழுக்கிடுச்சு மாமா. என் தப்பு" என்றார். கயிறு உங்கள் கையை அறுத்துவிட்டதா என்று கேட்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. தார்ப்பாயில் கிடத்தி உள்ளே இழுத்துக் கட்டிலில் போட்டேன். சுலபமாக இல்லை. தலைமாட்டில் தண்ணீர் வைத்தேன், கையெட்டும் தூரத்தில் விசைப்பலகையை நகர்த்தி வைத்தேன். அங்கிருந்த கைரேடியோவை எடுத்துக்கொண்டேன். வழியில் எனக்கு வேண்டும் என்றேன், சரி என்றார். ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கூட்டி வரும் எண்ணத்தோடுதான் இறங்கினேன். பாதி வழியில் மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்தேன். கீழே ஊர் தெரிந்தது. எங்கள் வீட்டு ஓடும் தெரிந்தது. இவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்கவைத்தால், பிழைத்ததும் வக்கீல். அவருடைய சம்மதத்தோடு, அவளுடைய சம்மதத்தோடு, ஊர் முழுவதற்கும் தெரிய. எவ்வளவு யோசித்தும் அதற்கு மாற்று வழி தெரியவில்லை. எப்போது முடிவெடுத்தீர்கள் என்று கேட்டீர்கள். அந்தப் பாறை என்று எழுதிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்தபோது அஞ்சல்பெட்டியில் அவர் செய்தி எனக்கு முன்னால் வந்து காத்திருந்தது. கடல் பக்கத்து ஆன்டெனா திரும்பியிருந்ததால் அவர் எழுதுவது என் பெட்டிக்கு மட்டும்தான் வரும். அந்தப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. சந்தேகமான செய்திகளை நிலையத்தவர் பார்த்து அனுப்பும்வரை நிறுத்திவைக்கலாம். என் மகள்தான் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தாள். மலையிலிருந்து அவளுக்கு வருவதை நிறுத்து, அவளிடமிருந்து மலைக்குப் போவதை நிறுத்து. இரண்டே வரிகள். நிறுத்திவைத்தேனே தவிர அவருடைய செய்தி எதையும் நான் அழிக்கவில்லை. இப்போதும் அங்கேயே இருக்கும், போய்ப் பார்க்கலாம்.

அவளுக்கு எழுதியிருந்தார்: "கீழ விழுந்துட்டேன். பயப்படாதே. கால் தெரியல. அப்பா வந்து சேர்ந்துட்டாரா? வழியெல்லாம் வழுக்குது, பார்த்து வரச் சொல்லு."

நான் அவள் எழுதுவதுபோல அவளுடைய அழைப்புக்குறியில் எழுதினேன்: "வந்துட்டார். ஆளுங்க கிளம்பிட்டாங்க. அசையாம படுத்திருங்க."

அன்று முதல் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஓடை பெருகிவிட்டது, வடிவதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எழுதினேன். ஓடை பெருகியிருந்தது உண்மை. சுவருக்கு அந்தப் பக்கம் மகள் உட்கார்ந்து மலையிலிருந்து ஏன் செய்தி இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவர் குறியில் எழுதினேன்: "ஆன்டெனா வேலை நடக்குது. ரெண்டு நாள் பேச முடியாது." இந்தப் பக்கம் மனைவியாக ஒரு வரி, அந்தப் பக்கம் கணவனாக ஒரு வரி. நடுவே அவள் வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். போய்ச் சாப்பிட்டேன்.

அவருடைய எழுத்துகள் வரவரக் குறைந்தன. கடைசியாக வந்தது இது: "நீ பேசிட்டு இருக்கறதே போதும். வக்கீல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

அதைப் பலமுறை படித்தேன். அவர் மனம் மாறியிருந்தார். அதற்குப் பிறகு நான் அவர் பெயரில் எழுதியதெல்லாம் அந்த ஒரு வரியின் தொடர்ச்சிதான். நானாக எதையும் கற்பிக்கவில்லை.

ஓடை வடிந்ததும் மேலே போனேன். குழி தயாராக இருந்தது, கரியும் உப்பும் இருந்தன. செம்புத் தகட்டையும் முறைப்படி வைத்தேன். அந்த நிலையத்துக்கு அதன் பிறகு மின்னலால் ஒரு சேதமும் வரவில்லை.

அங்கே சோலார் பலகை இருக்கிறது, பேட்டரி இருக்கிறது. ஆள் இல்லாமலே நிலையம் ஓடும். கடற்கரைக்காரர்கள் குறை சொல்லக்கூடாது என்று நாற்காலி போட்டு ஏறி, குடிசைக் கூரையில் ஒரு கம்பி ஆன்டெனா இழுத்துக் கட்டினேன். வேகம் குறைவு, வேலை நடந்தது. மாதம் ஒருமுறை மாப்பிள்ளைக்குச் சாமான் கொண்டுபோவதாகச் சொல்லிப் போய் வந்தேன். ஏணி இரண்டு மூன்று தடவை கேட்டான். "ஐயா, நான் போய் அந்தக் கம்பத்தைச் சரி பண்ணிட்டு வந்துடறேன். அண்ணன் அங்க தாடியும் மீசையுமா புலியோட குடித்தனம் பண்றாரா, என்னன்னும் பார்த்துட்டு வரேன்." மாப்பிள்ளை அவர் வேலையில் இன்னொருவர் கை வைப்பதை விரும்பமாட்டார் என்றேன். சரிதான் என்று போய்விட்டான். சங்கத்தில் என் சொல்லுக்கு மேல் பேசுவதில்லை.

மகளைப் பற்றித்தான் நான் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. ஒரு செய்தி எந்த வழியாக வந்தது, எந்த நிலையத்தைத் தொட்டு வந்தது என்பது திரையில் தெரியும். அவள் அதைப் பார்க்காமல் இருக்கமாட்டாள். ஆகவே என் அறையிலிருந்து நேராக அவளுக்கு எழுதக்கூடாது. மலை நிலையத்துக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து, அங்கே அவர் பெயரில் எழுதி வைத்துவிடுவேன். மலை அதை எடுத்துத் தன் நேரத்துக்குக் கீழே அனுப்பும்; அவளுக்கு வருவதை நிறுத்தும் வரியை அதற்குள் எடுத்துவிட்டிருந்தேன். பக்கத்து அறைக்குப் போக வேண்டிய வார்த்தை மலைக்கு ஏறி இறங்கி வந்தது.

அதைவிடச் சிரமம் அழிப்பது. மாப்பிள்ளை பிழைவிட்டால் எல்லோரையும் போல அழித்துவிட்டு எழுதுகிறவர். நானும் அழித்தேன். வாழ்நாளில் செய்யாததை அவருக்காகப் பழகினேன். அந்த ஒரு பொத்தானில் எழுத்து தேய்ந்திருப்பதை நீங்கள் பறிமுதல் செய்த விசைப்பலகையில் காணலாம்.

மனம் மாறிவிட்டேன், வக்கீல் வேண்டாம், எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு, இங்கேயே இருந்து யோசிக்கிறேன் என்று எழுதினேன். வெளியூர் வேலைக்குப் போகாதே, நான் இறங்கி வரும்போது நீ வீட்டில் இருக்க வேண்டும் என்றும் எழுதினேன். அன்று மாலை அவள் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"அப்பா, அவர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"எதைப் பத்தி?"

"ஒண்ணுமில்லை" என்று உள்ளே போய்விட்டாள்.

ஆரம்பத்தில் கோபமாகத்தான் எழுதினாள். விளையாடுகிறீர்களா, இரண்டு பேரும் சேர்ந்துதானே முடிவெடுத்தோம் என்று கேட்டாள். நான் பொறுமையாகப் பதில் எழுதினேன். சாப்பிட்டாயா, ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகமா, கண் வலிக்கிறது என்றாயே, விளக்கை மாற்றினாயா. இப்படித்தான். அதற்குமேல் எதுவும் எழுதியதில்லை. எனக்கு அளவு தெரியும். உத்தரவில் சொன்ன கெடு முடிந்து வெளியூர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. மெதுவாக அவள் குரல் மாறியது. குரல் என்று பழக்கத்தில் சொல்கிறேன். ஒருநாள் எழுதினாள்: "நீங்க இப்படியெல்லாம் கேப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சரின்னு சொல்லியிருக்க மாட்டேன். பக்கத்துல இருந்தப்ப ஒரு நாள்கூடக் கேக்கலையே."

அந்த வரியைப் படித்தபோது நான் செய்தது சரி என்று உறுதியாயிற்று. அவர் இருந்து கொடுக்காததை இல்லாமல் கொடுத்தார்.

தங்கை மறுபடி வந்தாள். "மாப்பிள்ளை சாமியாராவே ஆயிட்டாரா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "அவர் தினமும் எழுதறார் அத்தை. மாமா உங்க பக்கத்துலயேதான் உட்கார்ந்திருக்கார். என்னிக்காவது சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்காரா?" தங்கை வாயடைத்து உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பெண் தலைநிமிர்ந்து பேசினாள். அந்த நாள் எனக்கு நிறைவாக இருந்தது.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இப்படிப் போயின. அவள் மேலே வருகிறேன் என்று கேட்கத் தொடங்கியது கோடையில். பாதை சரிந்துவிட்டது என்றேன். பாதை போடும்வரை பொறு என்றேன். அப்பா சொல்வதைக் கேட்டு நட என்றும் எழுதினேன். அதற்குத்தான் அவளிடமிருந்து அந்தப் பதில் வந்தது.

"அப்பா அப்பான்னு எழுதாதீங்க. இந்த வீட்டுல மூச்சு முட்டுது. அம்மாவுக்கும் இப்படித்தான் முட்டியிருக்கும். அப்பாவுக்கு நான் வேண்டாம், வாசல்ல இருக்கற அந்தப் பித்தளை போதும். நாளைக்கு நான் கிளம்பறேன். பாதை இல்லைன்னா பாதை பண்ணிக்கிட்டு வரேன்."

எனக்குக் கோபம் வருவது அரிது. அன்று வந்தது. நாற்பது வருடம் ஒரு குடும்பத்தைத் தலைகுனியாமல் நடத்தியவனைப் பற்றி ஒரு பெண் தன் புருஷனிடம் எழுதும் வார்த்தையா அது. உடனே பதில் எழுதினேன். மலை அதை ஏற்றுக்கொண்டது. பிழையின்றிப் பெற்றேன் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புகை வந்தது. பாக்கெட் ரேடியோவின் சிறப்பே அதுதான், ஓர் எழுத்துகூட வழியில் மாறாது. சற்று நேரத்தில் அவள் அறையில் செய்தி வந்த மணி ஒலித்தது.

நான் அனுப்பியது இது: "அப்படிச் சொல்லாதே. உனக்காக நான் ........ உனக்காக உன் அப்பா எவ்வளவு செய்திருக்கிறார் என்று உனக்குத் தெரியாது."

எட்டுப் புள்ளிகளை நான் பார்க்கவில்லை. நம் மூச்சை நாம் கவனிப்பதில்லை அல்லவா, அப்படி. அது மலையில் தங்கியிருந்த நேரத்தில் ஒருமுறை படித்திருந்தால் போதும். படிக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. எழுந்து வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. சுவரில் ஏதோ லேசாகப் பட்டது, நெற்றியாக இருக்கலாம். பிறகு விசைகள் தட்டும் ஒலி கேட்டது. நிதானமாகத் தட்டினாள். மாப்பிள்ளையின் குறிக்கு ஒரு செய்தி வந்தது.

"அப்பா, அவர் எங்கே?"

அப்பா என்று கூப்பிட்டவளுக்கு வேறொருவர் பெயரில் பதில் சொல்வது முறையல்ல. அதனால் என் குறியிலேயே எழுதினேன், மலையைச் சுற்றாமல் நேராக. எர்த் குழியில் என்று எழுதினேன். ஒப்புகை வந்தது.

அவள் அழுத சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேன். பொழுது சாயும் முன் ஒரு பையோடு வெளியே வந்தாள். என் அறை வாசலைப் பார்க்காமல் கடந்து போனாள். முன்வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பித்தளைப் பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பலகையைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தாள். ஏணியைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்தாள். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஏணி மேலே போய்த் தோண்டியபோது உப்பைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கீழே போட்டானாம். அவனுக்கு அவர் மேல் பிரியம்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். எனக்கு உரிமம் இல்லாத இரண்டு அழைப்புக்குறிகளைப் பயன்படுத்தினேன். பிறர் செய்திகளை உரிய காரணம் இல்லாமல் நிறுத்திவைத்தேன். இறந்தவர் நிலையத்தை அறிவிக்காமல் இயக்கினேன். கயிறு விஷயமும் இருக்கிறது. அதை நீங்கள் எந்தப் பிரிவில் சேர்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது, எதில் சேர்த்தாலும் கையெழுத்திடுகிறேன். என் உரிமத்தை ரத்து செய்வார்கள். அது நியாயம்.

ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மகள் ஆஸ்பத்திரி விடுதியில் ஓர் அறையில் இருப்பதாகச் சொன்னீர்கள். யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, என்னைப் பார்க்க மறுக்கிறாள் என்றும் சொன்னீர்கள். அவள் பையில் ரேடியோவைக் கொண்டுபோயிருக்கிறாள், அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று ஏணி யாரிடமோ சொன்னது என் காதுக்கு வந்தது. மலையும் இன்னும் ஓடுகிறது. நல்ல பேட்டரி, அவர் பார்த்து வாங்கியது. ரேடியோவை ஏன் அணைக்காமல் வைத்திருக்கிறாள் என்று நீங்களே யோசியுங்கள். காத்திருக்கிறாள்.

உங்கள் முன்னிலையில், நீங்கள் படித்துப் பார்த்த பிறகு, மாப்பிள்ளையின் குறியில் ஒரே ஒரு செய்தி அனுப்ப அனுமதி கொடுங்கள். சாப்பிடச் சொல்ல வேண்டும். வீடு பூட்டிக் கிடக்கிறது, போய்த் திறக்கச் சொல்ல வேண்டும். அவள் யார் சொல்லியும் கேட்கமாட்டாள், அவர் சொன்னால் கேட்பாள். அவளுக்கு நான் ........ அவளுக்கு அவர் எழுதினால் திரும்பி வந்துவிடுவாள்.